பேட் செக்டர்: ஹார்ட் டிஸ்க் பழுதைக் கையாண்ட வரலாறு

பேட் செக்டர் என்பது கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் (வன்தட்டில்) தரவைப் பிழையின்றிப் படிக்கவோ எழுதவோ முடியாமல் போன சிறு பகுதி. ஹார்ட் டிஸ்க் புழக்கத்துக்கு வந்த காலம் முதல் இப்பழுதும் உடன் இருந்து வருகிறது. பழுதே இல்லாத காந்தத் தட்டைத் தொழிற்சாலை அளவில் செய்ய முடிவதில்லை. ஆகவே பழுதை ஒழிப்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்று குறித்துவைத்து விலகிச் செல்வதே தொடக்கம் முதல் வழக்கமாக இருந்தது.

அந்தக் கணக்கை யார் வைத்திருப்பது என்பது காலந்தோறும் மாறியது. முதலில் கணினியை இயக்கியவர் வைத்திருந்தார். பின்னர் அது இயங்குதளத்தின் பொறுப்பாயிற்று. இறுதியில் ஹார்ட் டிஸ்க்கே அதைத் தனக்குள் எழுதிக்கொண்டது. கணக்கு பயனரின் கண்ணிலிருந்து மறைய மறைய, பழுது வெளியே தெரியவரும் நேரமும் தள்ளிப்போனது. பேட் செக்டரைக் கண்டால் சரிசெய்ய முயலக் கூடாது, முதலில் நகலெடுக்க வேண்டும் என்ற இன்றைய நடைமுறை இந்த மாற்றத்தின் விளைவாக உருவானது. தமிழ்நாட்டில், குறிப்பாகக் கொங்குப் பகுதியில், 2011 முதல் 2013 வரையிலான மின்வெட்டுக் காலம் இந்நடைமுறையின் தேவையை உணர்த்தியது.

செக்டரின் அமைப்பு

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே காந்தப் பூச்சு பூசிய வட்டத் தட்டுகள் ஒரே அச்சில் சுழல்கின்றன. மேசைக் கணினிகளில் நிமிடத்துக்கு 7200 சுற்றும் மடிக்கணினிகளில் 5400 சுற்றும் பொதுவான வேகங்கள். தட்டின் மேற்பரப்பில் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வட்டங்களுக்குத் தடங்கள் என்று பெயர். ஒவ்வொரு தடமும் செக்டர் எனப்படும் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு செக்டர் நீண்டகாலம் 512 பைட் கொண்டதாக இருந்தது. 2011 முதல் உற்பத்தியாளர்கள் 4096 பைட் அளவுக்கு மாறினர்.

தரவுடன் சேர்த்து ஒவ்வொரு செக்டரிலும் பிழைதிருத்தக் குறியீடு ஒன்றும் எழுதப்படும். படிக்கும்போது சில பிட்கள் தவறினாலும் இக்குறியீட்டைக் கொண்டு சரியான மதிப்பைக் கணக்கிட்டுவிடலாம். 1960-ல் ரீடும் சாலமனும் வெளியிட்ட குறியீட்டு முறை நெடுங்காலம் இதற்குப் பயன்பட்டது. திருத்த முடியாத அளவுக்குப் பிழை மிகும்போதுதான் டிஸ்க் ‘படிக்க இயலவில்லை’ என்று கணினிக்குத் தெரிவிக்கிறது. எனவே பேட் செக்டர் என்று வெளியே தெரிவதற்கு முன்பே அந்த இடம் பலமுறை தடுமாறித் திருத்தப்பட்டிருக்கக்கூடும்.

பேட் செக்டர் இருவகைப்படும். தட்டில் கீறல் விழுந்தோ காந்தப் பூச்சு சிதைந்தோ உண்டாவது முதல் வகை. அந்த இடத்தில் எத்தனை முறை எழுதினாலும் நிற்காது. தட்டு நன்றாக இருந்தும், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றதாலோ அதிர்ச்சியாலோ தரவும் பிழைதிருத்தக் குறியீடும் பொருந்தாமல் போவது இரண்டாம் வகை. மீண்டும் எழுதினால் இது சரியாகிவிடும், ஆனால் அங்கிருந்த பழைய தரவு திரும்பாது. பயனருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பேட் செக்டரைப் பற்றிய பல குழப்பங்களுக்கு இதுவே காரணம்.

மாற்றுத் தடங்கள்

1956-ல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணினியின் 350 வட்டகமே வணிகப் பயன்பாட்டுக்கு வந்த முதல் ஹார்ட் டிஸ்க். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளில் 50 லட்சம் எழுத்துகளை அது சேமித்தது.

1964-ல் வந்த ஐபிஎம் 2311 வட்டகத்தில் பழுதுக்கான இடம் வடிவமைப்பிலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. தரவுக்கு 200 சிலிண்டர்களும், பழுதான தடங்களுக்கு மாற்றாக 3 சிலிண்டர்களும் அதில் இருந்தன. ஒரு தடம் பழுதானால் அதன் தலைப்பகுதியில் மாற்றுத் தடத்தின் முகவரி எழுதப்படும். கணினி அங்கே சென்று தரவைப் படிக்கும். பின்வந்த 3330 வட்டகத்தில் 404 சிலிண்டர்களுக்கு 7 மாற்றுச் சிலிண்டர்கள் இருந்தன. உதிரியை முன்பே ஒதுக்கி வைப்பது, பழுதான இடத்துக்குப் பதிலாக உதிரியைக் காட்டுவது என்னும் இவ்விரு உத்திகளும் இன்றுவரை தொடர்கின்றன. அன்று இவ்வேலையைச் செய்தவர் கணினி மையத்தின் பணியாளர். எந்தத் தடம் போயிற்று என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

டிஸ்க்கின் மேல் ஒட்டிய பட்டியல்

1980-ல் சீகேட் நிறுவனம் எஸ்டி-506 என்ற 5 மெகாபைட் டிஸ்க்கை வெளியிட்டது. அதுவே தனிக் கணினிகளுக்கேற்ற 5.25 அங்குல அளவில் வந்த முதல் ஹார்ட் டிஸ்க். 1983-ல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியில் 10 மெகாபைட் டிஸ்க் இடம்பெற்றது.

இக்காலத்து டிஸ்க்குகளின் மேல் ஒரு காகித லேபிள் ஒட்டப்பட்டிருக்கும். தொழிற்சாலைச் சோதனையில் கண்ட பழுதுகளின் பட்டியல் அதில் இருக்கும். எந்தச் சிலிண்டர், எந்தத் தலை, தடத்தின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்று எண்கள் எழுதப்பட்டிருக்கும். டிஸ்க்கைக் கணினியில் பொருத்துபவர் முதலில் அடிநிலை ஃபார்மட் செய்ய வேண்டும். அப்போது லேபிளைப் பார்த்து இந்த எண்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வார். புதிய டிஸ்க்கிலேயே பழுதுப் பட்டியல் இருப்பதை யாரும் குறையாகக் கருதவில்லை. லேபிள் கிழிந்துபோனால்தான் சிக்கல்.

அடுத்த நிலையில் இயங்குதளம் தன் கணக்கை வைத்தது. டாஸ் இயங்குதளத்தின் ஃபார்மட் கட்டளை தட்டு முழுவதையும் படித்துப் பார்த்து, படிக்க முடியாத இடங்களைக் கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணையில் தனிக் குறியிட்டு ஒதுக்கியது. 1993-ல் எம்எஸ்-டாஸ் 6.2 உடன் வந்த ஸ்கேன்டிஸ்க் நிரல் இதை எல்லோருக்கும் பழக்கமாக்கியது. நீலத் திரையில் கட்டங்களாக விரியும் அதன் வரைபடத்தில், பழுதான இடத்தில் ஆங்கில எழுத்து ‘பி’ தோன்றும். விண்டோஸ் 98 கணினியை முறையாக அணைக்காவிட்டால் மறுமுறை தொடங்கும்போது ஸ்கேன்டிஸ்க் தானாகவே ஓடும். 1990களின் இறுதியில் தமிழ்நாட்டுப் பிரவுசிங் சென்டர்களிலும் கணினிப் பயிற்சி மையங்களிலும் கணினியைத் தொட்டவர்களுக்கு இது பரிச்சயமான காட்சி.

1980களின் இறுதியில் ஸ்டீவ் கிப்ஸன் எழுதிய ஸ்பின்ரைட் போன்ற நிரல்களும் வந்தன. ஒரு செக்டரைத் திரும்பத் திரும்பப் படித்து, கிடைத்ததைச் சேர்த்து, மீண்டும் எழுதுவது இவற்றின் வழி. அன்றைய டிஸ்க்குகளில் தலையை நகர்த்திய மோட்டார்கள் வெப்பத்தாலும் தேய்மானத்தாலும் தடத்திலிருந்து சற்றே விலகுவது வழக்கம். மீண்டும் எழுதினால் தரவு தலைக்கு நேராக வந்துவிடும். ‘ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை இக்காலத்தில் உருவானது. அன்று அதில் ஓரளவு உண்மையும் இருந்தது.

கண்ணுக்கு மறைந்த உதிரிகள்

1980களின் பிற்பாதியில் வந்த ஐடிஇ வகை டிஸ்க்குகளில் கட்டுப்பாட்டுச் சுற்று டிஸ்க்கிலேயே அமைந்தது. தடங்களையும் செக்டர்களையும் டிஸ்க் தனக்குள் எப்படிப் பிரித்திருக்கிறது என்பது அதற்குப் பிறகு கணினிக்குத் தெரியாது. கணினி ஒரு செக்டர் எண்ணைக் கேட்கும். டிஸ்க் அதற்குரிய தரவைத் தரும். அந்த எண் தட்டில் எந்த இடத்தைக் குறிக்கிறது என்பது டிஸ்க்குக்கு மட்டுமே தெரியும். பயனர் அடிநிலை ஃபார்மட் செய்யும் வழியும் இதனுடன் மறைந்தது.

இவ்வகை டிஸ்க்குகள் இரு பட்டியல்களை வைத்திருக்கின்றன. தொழிற்சாலையில் கண்ட பழுதுகளின் பட்டியல் ஒன்று. பயன்பாட்டின்போது சேரும் பழுதுகளின் பட்டியல் மற்றொன்று. தொழிற்சாலைப் பழுதுகள் முகவரி எண்ணிலேயே சேர்க்கப்படாமல் தாண்டிச் செல்லப்படும். பின்னர் வரும் பழுதுக்கு உதிரி செக்டர் ஒன்று மாற்றாக வைக்கப்படும்.

மாற்றம் நிகழும் தருணம் முக்கியமானது. ஒரு செக்டரைப் படிக்க முடியவில்லை என்றால் டிஸ்க் அதை உடனே மாற்றுவதில்லை. மாற்றினால் பழைய தரவு போய்விடும் என்பதால் ‘காத்திருப்பு’ என்று குறித்துவைக்கும். அதே செக்டரில் கணினி அடுத்து எதையாவது எழுதும்போது டிஸ்க் சோதித்துப் பார்க்கும். எழுதியது நின்றால் காத்திருப்பு நீங்கும். நிற்காவிட்டால் உதிரி அந்த இடத்துக்கு வரும். ஃபார்மட் செய்ததும் பேட் செக்டர் ‘மறைவது’ இதனால்தான். பல நேரங்களில் தட்டு குணமாகியிருக்காது. உதிரி ஒன்று செலவாகியிருக்கும், தரவும் அழிந்திருக்கும்.

உதிரிகள் இருக்கும்வரை டிஸ்க் வெளியே நலமாகவே காட்டிக்கொள்ளும். ஸ்கேன்டிஸ்க்கில் ஒரே ஒரு ‘பி’ தென்பட்டாலும், உள்ளே அதற்கு முன் எத்தனை இடங்கள் மாற்றப்பட்டன என்பதை அது சொல்லாது.

ஸ்மார்ட் அறிக்கை

இக்குறையைப் போக்க டிஸ்க் தன் உள்கணக்கை ஓரளவு வெளிக்காட்டும் முறை தேவைப்பட்டது. ஐபிஎம் 1992-லும் காம்பாக் 1995-லும் முன்னெச்சரிக்கை முறைகளைக் கொண்டுவந்தன. இவை ஒன்றிணைந்து ‘ஸ்மார்ட்’ என்ற பொதுத் தரமாக அமைந்தன. டிஸ்க்கின் வெப்பம், ஓடிய மணிநேரம், பிழை எண்ணிக்கை முதலியவற்றை இதன்வழி படிக்கலாம்.

பேட் செக்டருக்கு அதில் மூன்று எண்கள் முக்கியமானவை. 5 ஆம் எண் இதுவரை உதிரிக்கு மாற்றப்பட்ட செக்டர்களைக் காட்டும். 197 ஆம் எண் காத்திருப்பில் உள்ளவற்றைக் காட்டும். 198 ஆம் எண் டிஸ்க் தன்னைத்தானே சோதித்தபோது திருத்த முடியாமல் போனவற்றைக் காட்டும். 197 உயர்ந்து, மீண்டும் எழுதியபின் 5 உயராமல் 197 மட்டும் சுழியத்துக்கு இறங்கினால் அது மின்தடை போன்றவற்றால் வந்த தற்காலிகப் பழுதாக இருக்க வாய்ப்பு அதிகம். நாளுக்கு நாள் இரண்டும் ஏறினால் தட்டு சிதைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

2007-ல் கூகுள் நிறுவனத்தின் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ ஆகியோர் 1,00,000-க்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து எழுதிய ஆய்வு வெளியானது. டிஸ்க் தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது முதல் பிழை கண்ட டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு மற்ற டிஸ்க்குகளைவிட 39 மடங்கு அதிகம் என்று அது காட்டியது. முதல் செக்டர் உதிரிக்கு மாற்றப்பட்ட டிஸ்க்குக்கு அந்த வாய்ப்பு 14 மடங்குக்கும் அதிகம். மறுபுறம், செயலிழந்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, வெப்பம் தவிர்த்த எந்த ஸ்மார்ட் எண்ணிலும் முன்னறிகுறி காட்டவில்லை. பேட் செக்டர் வந்தால் அஞ்ச வேண்டும், வராவிட்டாலும் நம்பியிருக்கக் கூடாது என்பது இவ்வாய்வின் சாரம்.

கொங்குப் பகுதியில் மின்வெட்டும் டிஸ்க் தட்டுப்பாடும்

கிணத்துக்கடவு கோவை - பொள்ளாச்சி சாலையில் ஏறத்தாழ நடுவில் அமைந்த ஊர். காய்கறிச் சந்தை, தென்னைநார்த் தொழில், கல்குவாரி, கிரஷர் ஆகியவை இவ்வட்டாரத்தின் தொழில்கள். 2000-க்குப் பிறகு கொங்குப் பகுதியின் இத்தகைய சிற்றூர்களிலும் மண்டிக் கணக்கு, எடைமேடை ரசீது, டேலி கணக்கு, டிடிபி, திருமண ஸ்டூடியோ என்று சிறு தொழில்கள் கணினிக்கு மாறின. ஒரே கணினி, அதில் ஒரே ஹார்ட் டிஸ்க், வேறு பிரதி இல்லை என்பது சிறு கடைகளில் சாதாரண நிலை.

2008 முதல் தமிழ்நாட்டில் மின்வெட்டு தொடர்ந்தது. 2012 இறுதியில் சென்னை தவிர்த்த மாவட்டங்களில் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் நின்றது. கோவை மாவட்டத்தின் சிறுதொழில்கள் இதனால் பெரிதும் தவித்தன. மின்சாரம் ஒரு மணி நேரம் வந்து ஒரு மணி நேரம் போகும் முறையில் கணினி நாளில் பலமுறை திடீரென்று அணைந்தது.

மின்சாரம் நிற்கும் கணத்தில் டிஸ்க் தன் சுழற்சியில் மிஞ்சியுள்ள ஆற்றலைக் கொண்டு தலையை ஓரத்துக்கு இழுத்துக்கொள்ளும். எழுதிக்கொண்டிருந்த செக்டரை முடித்துவிடவும் பெரும்பாலான டிஸ்க்குகள் முயலும். எல்லா நேரமும் இது கைகொடுப்பதில்லை. பாதி எழுதிய செக்டர் அடுத்த முறை படிக்க முடியாததாகிவிடும். கணினி அணைந்தபோது திறந்திருந்த கோப்பே பெரும்பாலும் இதற்கு இலக்காகும். கடைக்காரருக்கு அது அன்றைய கணக்குக் கோப்பு.

இன்வெர்ட்டர் வைத்திருந்தவர்களும் முழுதாகத் தப்பவில்லை. விளக்குக்கும் மின்விசிறிக்குமான வீட்டு இன்வெர்ட்டர், மின்சாரம் நின்றதும் பேட்டரிக்கு மாறச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். மின்விசிறிக்கு அது தெரியாது, கணினி அணைந்துவிடும். இதற்காகவே பல இன்வெர்ட்டர்களில் ‘யுபிஎஸ் மோட்’ என்ற பொத்தான் வைக்கப்பட்டுள்ளது. பேட்டரி பழசாகிப்போன யுபிஎஸ் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இதே காலத்தில் இன்னொரு நெருக்கடியும் சேர்ந்தது. 2011 அக்டோபரில் தாய்லாந்தில் ஏற்பட்ட வெள்ளத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ஆலைகளும், டிஸ்க் மோட்டார் செய்யும் நிடெக் நிறுவனத்தின் ஆலைகளும் மூழ்கின. உலகெங்கும் டிஸ்க்குகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. சில வாரங்களில் விலை ஏறத்தாழ இருமடங்கானது. பழுதான டிஸ்க்கை மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்று டிஸ்க் விலை எட்டாததாயிற்று. பேட் செக்டர் கண்ட டிஸ்க்கையே ஃபார்மட் செய்து, பழுதான பகுதியைப் பார்ட்டிஷனுக்கு வெளியே விட்டு, மேலும் சில மாதம் ஓட்டுவது சிக்கனமாகத் தோன்றியது. தட்டில் கீறல் உள்ள டிஸ்க்கில் இது பெரும்பாலும் பலிக்காது. கீறலிலிருந்து உதிரும் துகள் தட்டின் மற்ற பகுதிகளுக்கும் பரவும். தட்டுக்கும் தலைக்கும் இடையே உள்ள இடைவெளி சில நானோமீட்டர் மட்டுமே.

கிரஷர் தூசி டிஸ்க்குக்குள் புகுந்து கெடுத்துவிடும் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. டிஸ்க் உறையில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய ஒரு சிறு துளை இருக்கும். அதன் உட்புறம் வடிகட்டி உள்ளதால் தூசி உள்ளே போவதில்லை. தூசி கெடுப்பது கணினியின் விசிறியையும் பவர் சப்ளையையும். அவற்றால் வெப்பமும் நிலையற்ற மின்னழுத்தமும் உண்டாகி டிஸ்க்கைப் பாதிக்கும். உறையைத் திறந்து பார்ப்பவர்தான் தூசியை உள்ளே விடுகிறார்.

கணக்கு மென்பொருளின் பழுதும் டிஸ்க்கின் பழுதும் இக்காலத்தில் அடிக்கடி ஒன்றாகக் கருதப்பட்டன. டேலி ஈஆர்பி 9-ல் சிதைந்த கணக்கை மீட்க ‘ரீரைட்’ என்ற வசதி உண்டு. தட்டு நன்றாக இருந்து கோப்பு மட்டும் குழம்பியிருந்தால் அது உதவும். டிஸ்க்கே சிதைந்துகொண்டிருக்கும்போது அதே டிஸ்க்கில் ரீரைட் செய்வது, மிஞ்சியிருக்கும் கணக்கின் மேலேயே எழுதுவதாகிவிடும். முதலில் தரவு ஃபோல்டரை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, அந்த நகலின் மீது ரீரைட் செய்வதே முறை.

பழுதுபார்ப்பிலிருந்து நகலெடுப்புக்கு

சாதாரணமாக ஒரு ஃபோல்டரை நகலெடுக்கும்போது பேட் செக்டர் குறுக்கிட்டால் வேலை பாதியில் நிற்கும். மீண்டும் தொடங்கினால் அதே இடத்தில் மீண்டும் நிற்கும். இதற்கிடையே டிஸ்க் அந்த ஒரு செக்டரைப் படிக்கப் பலமுறை முயன்று மேலும் தேயும். நல்ல நிலையில் உள்ள மீதிப் பகுதி கைக்கு வருமுன் டிஸ்க் நின்றுவிடக்கூடும்.

இச்சிக்கலுக்குக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்திலிருந்து விடை வந்தது. 2004-ல் அந்தோனியோ டியாஸ் டியாஸ் குனு டிடிரெஸ்க்யூ நிரலை வெளியிட்டார். டிஸ்க்கில் உள்ள கோப்புகளை அது பார்ப்பதில்லை. முதல் செக்டர் தொடங்கிக் கடைசி செக்டர் வரை முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்குப் பெயர்த்தெழுதுகிறது. அதன் வரிசை இப்படி அமையும்:

முதல் சுற்றில் பெரிய துண்டுகளாக வேகமாகப் படிக்கும். பிழை வந்தால் அங்கே நிற்காமல் தாண்டிச் செல்லும். எளிதில் கிடைப்பதெல்லாம் முதலில் பத்திரமாகிவிடும்.

இரண்டாவதாக, தாண்டிய பகுதிகளின் இரு ஓரங்களிலிருந்தும் உள்நோக்கிப் படித்துப் பழுதின் எல்லையைச் சுருக்கும்.

மூன்றாவதாக, எஞ்சிய பகுதியைச் செக்டர் செக்டராகச் சுரண்டி எடுக்கும்.

இறுதியாக, பயனர் விரும்பினால் மட்டும், கிடைக்காதவற்றை மறுபடி முயலும்.

இவ்வளவுக்கும் ஒரு வரைபடக் கோப்பு உடன் எழுதப்படும். கிடைத்த பகுதிக்குக் கூட்டல் குறி, கிடைக்காததற்குக் கழித்தல் குறி, இன்னும் தொடாததற்குக் கேள்விக்குறி. மின்சாரம் நின்றாலும் டிஸ்க் சூடேறி நிறுத்தப்பட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடர இது வழிசெய்கிறது. 1980களில் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த காகித லேபிளின் வேலையை இக்கோப்பு செய்கிறது. மறைந்துபோன பழுதுக் கணக்கு மீண்டும் மனிதர் கைக்கு வந்தது.

கோப்பு முறைமையைச் சரிசெய்யும் செக்டிஸ்க் போன்ற கட்டளைகள் இதன்பிறகு, நகலின் மீது மட்டும் ஓட்டப்பட வேண்டியவை. மூல டிஸ்க்கில் அவற்றை ஓட்டினால் அவை அதில் எழுதும். எழுதப்பட்ட இடத்தில் இருந்ததைத் திரும்பப் பெற முடியாது. டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று ஒலி வந்தால் பழுது செக்டரில் இல்லை, தலையில் இருக்கிறது. அப்போது எந்த நிரலும் உதவாது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தூய்மை அறை வசதியுள்ள மீட்பு நிலையத்தை நாடுவது ஒன்றே வழி.

ஏட்டில் செல்லரித்த இடமும் டிஸ்க்கில் படிக்க முடியாத இடமும்

சிதைந்த இடத்தைக் குறித்துவைத்து மீதியைப் பெயர்த்தெழுதும் முறை தமிழ் மரபுக்குப் புதிதன்று. பனையோலை நிரந்தரமானதன்று என்பதால் பழைய ஏடு செல்லரிக்குமுன் புதிய ஏட்டில் படியெடுக்கப்பட்டது. உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த நூல்களில் ஏட்டில் சிதைந்த இடங்கள் புள்ளிகளால் காட்டப்பட்டன. அவர் 1894-ல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் இல்லை. 1904-ல் வெளிவந்த பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை.

ஓர் ஏட்டில் சிதைந்த சொல்லை இன்னோர் ஏட்டிலிருந்து நிரப்பப் பதிப்பாசிரியர்கள் பல படிகளைத் தேடினர். கிடைத்த படிகள் அனைத்திலும் ஒரே இடம் இல்லாதபோது நிரப்ப வழியில்லை. கணினியிலும் இதே விதிதான். பழுதான கோப்பைக் கவனிக்காமல் அதையே தினமும் பேக்கப் எடுத்தால் எத்தனை பிரதி இருந்தாலும் எல்லாவற்றிலும் ஒரே ஓட்டை இருக்கும். பழுது வருமுன் எடுத்த பழைய பிரதி ஒன்றையாவது அழிக்காமல் வைத்திருப்பது அதனால் தேவையாகிறது.

தமிழ்க் கோப்புகளுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழ் தட்டச்சு வெவ்வேறு எழுத்துரு முறைகளில் நடந்தது. 1999-ல் தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி டேப், டேம் முறைகளைத் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் அதனுடன் தமிழ் இணைய மாநாடும் நடந்தன. அம்மாதத்தில் அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக ஏற்றது. பழைய முறையில் தட்டச்சு செய்த நூல்களை யூனிகோடுக்கு மாற்ற வேண்டுமானால், அவை இருக்கும் பழைய டிஸ்க் முதலில் ஓட வேண்டும். டிடிபி மையத்தில் அச்சுக்குப் போன சிறுபத்திரிகையோ ஊர்க் கோயில் வரலாறோ, அக்கணினியின் டிஸ்க்கில் மட்டுமே கோப்பாக இருக்கும்.

ஒரு செக்டர் போனால் எவ்வளவு போகும் என்பது கோப்பின் வகையைப் பொறுத்தது. 512 பைட் செக்டரில் பழைய ஒற்றை பைட் எழுத்துருவில் 512 குறிகளும், யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் ஏறத்தாழ 170 குறியீடுகளும் அடங்கும். எளிய உரைக் கோப்பு என்றால் சில வரிகளே போகும், மற்றவை படிக்கக் கிடைக்கும். புகைப்படம் என்றால் பழுதான இடத்துக்குக் கீழே நிறம் மாறியோ சாம்பலாகவோ தெரியும். பேஜ்மேக்கர் கோப்பின் தொடக்கப் பகுதி போனால் நூல் முழுவதும் திறக்காமல் போகலாம்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னூலாக்கி வருகிறது. ஒரு படியைப் பலர் தரவிறக்கிப் பல நாடுகளில் வைத்திருக்கும்போது, ஒரு டிஸ்க்கின் பழுது ஒரு நூலின் இழப்பாவதில்லை.

இன்றைய நிலை

மடிக்கணினிகளில் ஹார்ட் டிஸ்க்கின் இடத்தை இப்போது பெரும்பாலும் எஸ்எஸ்டி பிடித்துவிட்டது. சுழலும் தட்டு இல்லாததால் கீறல் இல்லை. ஆயினும் அதன் ஃபிளாஷ் சில்லுகளும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பழுதான தொகுதிகளின் குறியீட்டுடன் வருகின்றன. அதற்கும் உதிரித் தொகுதிகள் ஒதுக்கப்படுகின்றன. பழுதை மறைத்து உதிரியைக் காட்டும் உத்தி அப்படியே தொடர்கிறது. சுழலும் தட்டு சிறிது சிறிதாகக் கெடுவதைப் பல நேரங்களில் காண முடியும். எஸ்எஸ்டி ஒரே நாளில் முழுதாக நின்றுபோவதும் உண்டு.

பெரிய கொள்ளளவு கொண்ட டிஸ்க்குகளில் வேறொரு வரம்பு தென்படுகிறது. மேசைக் கணினி டிஸ்க்குகளுக்கு 100 லட்சம் கோடி பிட் படிக்கும்போது திருத்த முடியாத பிழை ஒன்று நேரலாம் என்று உற்பத்தியாளர்கள் வரையறுப்பது வழக்கம். அது 12.5 டெராபைட். ஒரே பெரிய டிஸ்க்கை ஒருமுறை முழுதாகப் படிக்கும் அளவு அதைத் தாண்டிவிட்டது. ஆகவே பெரிய தரவு மையங்களில் ஒரே தரவு பல டிஸ்க்குகளில் பிரித்து எழுதப்பட்டு, குறிப்பிட்ட கால இடைவெளியில் முழுதும் படித்துச் சரிபார்க்கப்படுகிறது. படித்துப் பார்க்காத இடத்தில் பழுது இருப்பதை டிஸ்க்கும் அறியாது.

சிறு அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் இதே முறையின் எளிய வடிவம் போதும். வாரம் ஒருமுறை தரவை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து அதைக் கணினியிலிருந்து கழற்றி வைப்பது, மாதம் ஒரு பிரதியை வேறிடத்தில் வைப்பது, அப்பிரதியை அவ்வப்போது திறந்து பார்ப்பது, ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197, 198 ஆகிய எண்களைக் கவனிப்பது ஆகியவை அதில் அடங்கும். 197 முதன்முறையாகச் சுழியத்தைத் தாண்டும் நாளில் செய்ய வேண்டிய முதல் வேலை, முழு நகல் ஒன்றை எடுப்பது. டிஸ்க்கை ஃபார்மட் செய்து சோதிப்பதும், வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று முடிவெடுப்பதும் அந்த நகல் கையில் வந்தபின் செய்யத் தக்கவை.